வணிகக் கடிதங்களில் ‘ஹேவ்’ எங்கே, ‘ஹேட்’ எங்கே?

செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் மொத்த வியாபாரிகளாகட்டும், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைக்காரர்களாகட்டும், நாமக்கல் முட்டை வியாபாரிகளாகட்டும், வெளிமாநிலப் பார்ட்டிகளோடு நமக்குள்ள எழுத்துப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அன்று தபால், தந்தி. இன்று மின்னஞ்சல், வாட்ஸ்அப். வழி மாறினாலும், ‘ஹேவ்’ போட வேண்டிய இடத்தில் ‘ஹேட்’ போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. எழுத்துப் பிழை என்றால் படிப்பவர் சரிசெய்து கொள்வார். இது அப்படியல்ல, அர்த்தத்தையே மாற்றிவிடும்.

ஜவ்வரிசி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது, பணம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாம் எழுத வேண்டியது “வீ ஹேவ் நாட் ரிசீவ்டு தி பேமென்ட்”. இதுவரை வரவில்லை, பாக்கி நிற்கிறது என்று பொருள். இதையே “வீ ஹேட் நாட் ரிசீவ்டு தி பேமென்ட்” என்று எழுதினால், ‘அப்போது வந்திருக்கவில்லை’ என்றாகிறது. பிறகு வந்ததா? கடிதம் சொல்லவில்லை. கொடுக்க மனமில்லாத பார்ட்டிக்கு அந்த ஓர் எழுத்து போதும். ‘பழைய விஷயத்தைத்தானே எழுதியிருக்கிறீர்கள், இப்போது பாக்கி என்று எங்கே சொன்னீர்கள்?’ என்று இழுத்தடிப்பார்.

இந்தத் தடுமாற்றம் வருவதற்குக் காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. ‘வரவில்லை’ என்ற சொல்லில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது. ‘இன்றுவரை வரவில்லை’ என்றாலும், ‘போன தீபாவளிக்கு வரவில்லை’ என்றாலும் சொல் ஒன்றுதான். ஆங்கிலமோ எதிர்மறையிலும் காலத்தைக் கேட்கிறது.

உடன்பாட்டில் நமக்குச் சிரமம் குறைவு. ‘அனுப்பியிருக்கிறோம்’ என்றால் ‘வீ ஹேவ் சென்ட்’. ‘அனுப்பியிருந்தோம்’ என்றால் ‘வீ ஹேட் சென்ட்’. பள்ளியில் பிரசென்ட் பர்ஃபெக்ட், பாஸ்ட் பர்ஃபெக்ட் என்று பெயர் சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்களே, அவை இரண்டும் இவைதான். ‘இருக்கிறோம்’ நிகழ்காலம், ‘இருந்தோம்’ இறந்தகாலம். அதுபோலவே ‘ஹேவ்’ இன்றைய நிலையோடு சேர்ந்தது, ‘ஹேட்’ முடிந்துபோன ஒரு நிலையோடு சேர்ந்தது.

ஆனால் இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் உதைக்கும்.

தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டால், முடிந்துபோன தேதியையோ நாளையோ கூடச் சேர்க்கக் கூடாது. “வீ ஹேவ் பெய்டு ஆன் 5 மார்ச்” தவறு. “வீ பெய்டு ஆன் 5 மார்ச்” என்று சாதாரண இறந்தகாலத்தில் முடித்துவிட வேண்டும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக் போன்ற சொற்களுக்கும் இதே விதிதான்.

இன்னொன்று, நாம் மரியாதைக்காகவும் பேச்சு வழக்காகவும் ‘போன வாரம் லெட்டர் போட்டிருந்தேனே’ என்கிறோம். உண்மையில் அங்கே ‘போட்டேன்’ என்றாலே போதும். அந்தப் பழக்கத்தில்தான் “வீ ஹேட் சென்ட் தி கூட்ஸ் லாஸ்ட் வீக்” என்று எழுதுகிறோம். ‘ஹேட்’ வந்தால், கடந்துபோன இன்னொரு சம்பவம் பக்கத்தில் இருக்க வேண்டும். எதற்கு முன் அனுப்பினீர்கள் என்று படிப்பவர் தேடுவார். அப்படி ஒன்று இல்லையென்றால் “வீ சென்ட்” என்பதே சரி. நம் கடிதங்களில் வரும் ‘ஹேட்’களில் முக்கால்வாசியை அடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

‘ஹேட்’ அவசியம் வேண்டிய இடமும் உண்டு. ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது அதைக் கவனிக்க வேண்டும். 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு, வரி ஏய்ப்பு என்று குற்றம்சாட்டி 74-ஆம் பிரிவில் நடவடிக்கை வருகிறது. அதில் வரியையும் வட்டியையும் நோட்டீஸ் வருமுன்பே கட்டியவருக்கு அபராதம் வரித்தொகையில் 15 சதவீதம். நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் கட்டியவருக்கு 25 சதவீதம். எது முன், எது பின் என்பதற்கே பத்து சதவீத வித்தியாசம். “வீ ஹேவ் பெய்டு தி டாக்ஸ்” என்றால் கட்டியாயிற்று என்பது மட்டும் தெரியும். நோட்டீசுக்கு முன்பா பின்பா என்பது தெரியாது. “வீ ஹேட் பெய்டு தி டாக்ஸ் பிஃபோர் வீ ரிசீவ்டு தி நோட்டீஸ்” என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டிய செலானின் தேதிதான் கடைசிச் சாட்சி என்றாலும், அதிகாரி முதலில் படிப்பது நம் வாக்கியத்தைத்தான். தேதியையும் எண்ணையும் அடுத்த வரியில் தனியே கொடுத்துவிடலாம்.

‘சின்ஸ்’ என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். ‘1987 முதல் உங்களிடம் சரக்கு எடுத்து வருகிறோம்’ என்பதை நம்மவர்கள் “வீ ஆர் பையிங் ஃபிரம் யூ சின்ஸ் 1987” என்று எழுதுகிறார்கள். “வீ ஹேவ் பீன் பையிங்” என்பதே முறை. அங்கே ‘ஹேட் பீன்’ என்று போட்டால், முன்பு எடுத்துக்கொண்டிருந்தோம் என்ற தொனி வந்து, கொள்முதலை நிறுத்திவிட்டோமோ என்று மில்காரர் சந்தேகப்படுவார். கடன் தவணை கூட்டிக் கேட்கும் கடிதத்தில் இப்படி எழுதினால் கேட்டது கிடைக்காது.

டெலிபோனில் பார்ட்டி சொன்னதைக் கடிதத்தில் பதிவு செய்யும்போதும் ‘ஹேட்’ வரும். “யூ டோல்டு அஸ் ஆன் 10 ஜூன் தட் யூ ஹேட் சென்ட் தி மணி.” சொன்னது ஜூன் 10, அனுப்பியதாகச் சொன்னது அதற்கும் முன்னால். ஆகவே ‘ஹேட்’. பணம் இன்னும் வந்து சேரவில்லையென்றால், அதன் கீழே “வீ ஹேவ் நாட் ரிசீவ்டு இட் டில் டுடே” என்று தனி வரியாகச் சேர்த்துவிட வேண்டும்.