நெட் இழுக்கிறதா? ரவுட்டரில் வரிசையைச் சரிசெய்யும் முறை

பொள்ளாச்சியில் இப்போது தோட்டத்துச் சாளை வரைக்கும் ஃபைபர் லைன் வந்துவிட்டது. ஆனைமலை ரோட்டிலும் கோட்டூர்ப் பக்கமும் தென்னந்தோப்பு நடுவே இருக்கும் வீட்டில் உட்கார்ந்து கோயமுத்தூர் ஐடி கம்பெனிக்கு வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் மேல்மாடியில் கேம் விளையாடுகிறார்கள். தோப்பைச் சுற்றி சிசிடிவி ஓடுகிறது. பொழுது சாய்ந்து எல்லாரும் வீட்டுக்கு வந்த பிறகு அதே வீட்டில் புலம்பல் தொடங்குகிறது: “நூறு எம்பி பிளான் போட்டும் மீட்டிங்ல பேச்சு வெட்டி வெட்டி வருதுங்க.” கேபிள்காரரைக் கூப்பிட்டால் அவரும் வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறார். தொண்ணூற்றைந்து நிற்கிறது. “லைன் நல்லாத்தானுங்க இருக்குது. வேணும்னா இருநூறுக்கு மாத்திக்கலாமுங்க.”

லைன் நன்றாக இருப்பது உண்மை. ஆனால் இருநூறுக்கு மாறுவது இதற்கு மருந்து அல்ல. பெரும்பாலான வீடுகளில் குறை வேகத்தில் இல்லை. டேட்டா காத்துக் கிடக்கும் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை வீட்டு ரவுட்டரிலேயே சரிசெய்ய முடியும். மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடப்பது இதுதான். உங்கள் போன் அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோவையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. லைன் தாங்கும் அளவைவிட வேகமாக மோடத்துக்குள் டேட்டா வந்து குவிகிறது. மோடம் அதைக் கீழே போடாமல் தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. அந்தச் சேமிப்பிடத்துக்குப் பெயர் பஃபர். அப்லோடு 5 மெகாபிட் மட்டுமே உள்ள லைனில் 1 மெகாபைட் பஃபர் நிரம்பினால், கடைசியில் வந்து சேரும் பாக்கெட் வெளியேற 1.6 விநாடி ஆகும். 20 மெகாபிட் லைனிலும் 0.4 விநாடி. அந்த வரிசையின் கடைசியில்தான் நீங்கள் பேசும் குரலும் நிற்கிறது. ரயில்வே கேட்டில் தேங்காய் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட டூவீலரின் நிலை அதற்கு. போன் பேச்சு இயல்பாக இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. 400 என்பது அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. பிளானை இரட்டிப்பாக்கினால் காத்திருப்பு குறையும், ஆனால் வரிசை கலையாது. ஏற்றுகிற போன் புது வேகத்தையும் நிரப்பிவிட்டு மறுபடி வரிசை கட்டும்.

இந்த நோயை ஊரறியச் செய்தவர் ஜிம் கெட்டிஸ். பெல் லேப்ஸில் இருந்த அவர் 2010-ல் தன் வீட்டு இணைப்பு இழுப்பதைத் தோண்டிப் பார்த்து, பஃபர் தேவைக்கு மேல் வீங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். ‘பஃபர்புளோட்’ என்ற பெயர் அப்படி வந்தது. மருந்தைக் கொடுத்தவர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும். 2012-ல் அவர்கள் வெளியிட்ட ‘கோடல்’ என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. 100 மில்லிவிநாடி முழுக்கக் குறைந்தபட்சக் காத்திருப்பே 5 மில்லிவிநாடிக்கு மேல் நின்றால், ஒரு பாக்கெட்டைக் கீழே போடுகிறது. அனுப்புகிற கருவி அதைப் பார்த்து நெரிசல் என்று புரிந்துகொண்டு தானே வேகத்தைக் குறைக்கிறது. இதோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை போட்டுக் கொடுத்தது ‘எஃப்க்யூ கோடல்’. அதற்கும் அடுத்து வந்த ‘கேக்’ 2018-ல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. நம் பக்கத்து ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. சூரத்கல் என்ஐடிகே குழு எழுதிய, இதே வகையைச் சேர்ந்த ‘எஃப்க்யூ பை’ 2020-ல் லினக்ஸில் இடம்பிடித்தது. இவை எல்லாமே இலவசம். 2025 ஏப்ரலில் மறைந்த டேவ் டாட் போன்றவர்கள் பல ஆண்டு இதற்காகவே உழைத்ததால்தான் இன்று ஒரு சாதாரண ரவுட்டரில் இதை நாம் ஓட்ட முடிகிறது.

இனி வேலைக்கு வருவோம். ரவுட்டரைத் தொடும் முன் லைனைப் பாருங்கள். பொள்ளாச்சியில் இது மிக முக்கியம். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுவதும், அதை ஒட்டுப்போட்டு மறுபடி கட்டுவதும் வழக்கம். ஒட்டு கூடக் கூட ஒளி மங்கும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1) ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஓர் எண் இருக்கும். −15-க்கும் −25-க்கும் நடுவே இருந்தால் நல்லது. −27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அது சரியாகாமல் மேலே போவது வீண்.

அடுத்து அளவு. கம்ப்யூட்டரை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் குறை சுவரிலா லைனிலா என்று பிரித்தறிய முடியாது. கமாண்ட் விண்டோவைத் திறந்து 8.8.8.8-க்கு பிங்கை விடாமல் ஓடவிடுங்கள். வீட்டில் யாரும் எதுவும் பயன்படுத்தாதபோது வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த பிங் சென்னை வரை போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூட. ஃபைபருக்குள் ஒளி அங்கே போய்த் திரும்பவே 5 மில்லிவிநாடி ஆகும். நடுவில் பல ரவுட்டர்களைக் கடந்து 15, 20, 30 என்று வந்தால் அது ஆரோக்கியமான எண்.

பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய வீடியோ ஒன்றைக் கிளவுடுக்கு ஏற்றுங்கள். எண் 20-லிருந்து 300, 500 என்று ஏறினால் நோய் உறுதி. பிறகு டவுன்லோடுக்கும் இதே சோதனை. கமாண்ட் விண்டோ பழக்கமில்லாதவர்கள் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சும்மா இருக்கும்போதுள்ள தாமதமும் சுமையோடு உள்ள தாமதமும் தனித்தனியாகத் தெரியும். வேவ்ஃபார்ம் நிறுவனத்தின் பஃபர்புளோட் சோதனையோ பள்ளிக்கூடத்து மார்க் போல ஏ பிளஸ் முதல் எஃப் வரை போட்டே கொடுத்துவிடும்.

இதைக் காலை பத்து மணிக்குச் செய்யாதீர்கள். ஒரே ஃபைபரைப் பிரித்துப் பல வீட்டுக்குக் கொடுத்திருப்பதால், இரவு எட்டு மணி வேகம் வேறு. நமக்கு வேண்டியது நெரிசல் நேரத்து எண்.

வரிசையை நிரப்புவது யார் என்பதையும் பார்த்துவிடுங்கள். போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள். தோட்டத்து கேமராக்கள் கிளவுடில் பதிவு செய்பவையாக இருந்தால், தலா 2 மெகாபிட் என்று வைத்தாலும் நான்கு கேமரா 8 மெகாபிட் அப்லோடை நாள் முழுக்கத் தின்னும். வீட்டுக்குள்ளேயே ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்ய வைத்து, போனில் பார்க்கும்போது மட்டும் குறைந்த தரப் படத்தை அனுப்பும்படி மாற்றலாம். சில வீடுகளில் இதோடேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இப்போது ரவுட்டர். கேபிள்காரர் கொடுத்த மோடத்தில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அது அவருடைய பொருள், அதில் கை வைக்கவும் வேண்டாம். அதன் பின்னால் நம் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்ட வேண்டும். முடிந்தால் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது லைனை மட்டும் கடத்திவிட்டு மற்ற வேலையை நம் ரவுட்டரிடம் விடும் நிலைக்கு, மாற்றித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றாலும் வேலை நடக்கும். ஒரே நிபந்தனை, வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் நம் ரவுட்டர் வழியாகவே போக வேண்டும். டிவியை மட்டும் பழைய மோடத்தின் வைஃபையில் விட்டுவைத்தால் அந்த ஒன்றே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் மோடத்தின் வைஃபையையும் அணைத்துத் தரச் சொல்லுங்கள்.

எந்த ரவுட்டர்? ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ஒன்று என்பதே என் தேர்வு. மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஏழாம் பதிப்பிலேயே எஃப்க்யூ கோடலும் கேக்கும் இருக்கின்றன. கடையில் ‘க்யூஓஎஸ் உண்டு’ என்று விற்கும் மலிவு ரவுட்டர்களை நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பல, இந்தக் கருவிக்கு முன்னுரிமை, அந்தக் கருவிக்கு இவ்வளவு வேகம் என்று பங்கு பிரிக்கின்றனவே தவிர, காத்திருக்கும் நேரத்தைக் கவனிப்பதில்லை. ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் கருவிப் பட்டியலில் மாடல் பெயரோடு வெர்ஷன் எண்ணும் பொருந்துகிறதா என்று பெட்டியின் அடிப்பக்க லேபிளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பார்கள். ஏற்றும்போது கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடும். யுபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

ஏற்றி முடித்ததும் அதன் ‘சாப்ட்வேர்’ பக்கத்தில், வரிசையை நிர்வகிக்கும் ‘எஸ்க்யூஎம்’ வசதியைத் தேடி, ‘லூசி-ஆப்-எஸ்க்யூஎம்’ என்ற தொகுப்பை நிறுவினால், ‘நெட்வொர்க்’ மெனுவில் எஸ்க்யூஎம் பக்கம் தோன்றும். அதில் வெளி இணைப்பான ‘வான்’ போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் லைனாக இருந்தால் பிபிபிஓஇ என்று தொடங்கும் பெயரை எடுங்கள். வரிசை முறைக்கு ‘கேக்’, ஸ்கிரிப்ட்டுக்கு ‘பீஸ் ஆஃப் கேக்’. லிங்க் லேயரில் ஈதர்நெட் என்று வைத்து, ஒவ்வொரு பாக்கெட்டின் மேல்சுமைக்கு 44 கொடுங்கள். ஃபைபருக்கு இது சற்று அதிகம்தான். ஆனால் கூடுதலாகக் கொடுத்தால் கொஞ்சம் வேகம் போகும், அவ்வளவுதான். குறைவாகக் கொடுத்தால் வரிசையே நம் கையை விட்டுப் போய்விடும்.

மிச்சம் இருப்பவை இரண்டு எண்கள்: டவுன்லோடு, அப்லோடு. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் எல்லாரும் தயங்குகிறார்கள். லைனின் முழு வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். நம் ரவுட்டருக்கு அதை நிர்வகிக்கத் தெரியும், மோடத்துக்குத் தெரியாது. இரவு அளவில் டவுன்லோடு 90 மெகாபிட், அப்லோடு 40 மெகாபிட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் கிலோபிட்டில் கேட்கும். முதலில் 85 விழுக்காடு: 76500, 34000. சேமித்துவிட்டு, வீடியோ ஏற்றியபடி மறுபடி பிங் பாருங்கள். 20 இருந்த இடத்தில் 25, 30-க்குள் நின்றால் அப்லோடை ஆயிரம் ஆயிரமாகக் கூட்டிப் பாருங்கள். எண் ஏறத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். டவுன்லோடுக்கும் அதே போல. அதற்கு வரும் நெரிசல் மறுமுனையில் உருவாவதால் சற்றுத் தாராளமாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு குறைத்தாலும் எண் இறங்கவில்லையா? ‘ஃபயர்வால்’ பக்கத்தில் ‘ஃப்ளோ ஆஃப்லோடிங்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது வேகத்துக்காக வைத்த குறுக்குவழி. திறந்திருந்தால் டேட்டா எஸ்க்யூஎம்-ஐத் தொடாமலே போய்விடும். அதுவும் சரியென்றால் ரவுட்டரின் சிப் திணறுகிறது. கேக் ஓட்டக் கணக்குப் போட வேண்டும். சின்ன சிப் உள்ள பழைய ரவுட்டர்களுக்கு நூறு மெகாபிட்டே சுமை. அங்கே கேக்கை விட்டு எஃப்க்யூ கோடலுக்கு மாறலாம்.

ஆள் நிறைய உள்ள வீட்டுக்கு இன்னொரு படி. ஒரே ஆள் பத்து டவுன்லோடு போட்டால் பத்து பங்கு எடுத்துக்கொள்வார். கருவிக்குக் கருவி சமமாகப் பிரிக்க, கூடுதல் அமைப்புப் பெட்டியில் அப்லோடு பக்கம் ‘நாட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்’ என்றும், டவுன்லோடு பக்கம் ‘நாட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் இன்கிரஸ்’ என்றும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். அண்ணன் கேம் அப்டேட் போட்டாலும் தங்கையின் ஆன்லைன் வகுப்பு தடைபடாது. இந்த ஒரு வரிக்காகவே கேக்கை நான் எல்லாருக்கும் சொல்வேன்.

வைஃபையைக் கடைசியில் தொடுங்கள். பக்கத்து அறையில் 5 கிகாஹெர்ட்ஸ், தூரத்துக்கு 2.4. அதில் 1, 6, 11 சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்று. திண்ணைச் சுவர் தடிமனாக உள்ள பழைய வீட்டில் இன்னொரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே சிறந்தது.

லைனே போகாத தோப்புகளில் 4ஜி, 5ஜி டாங்கிள் வைத்திருப்பவர்கள் உண்டு. டவரின் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் நிலையான எண் அங்கே ஒட்டாது. இரவின் மிகக் குறைந்த வேகத்தைப் போட்டு, நல்ல நேரத்து வேகத்தை இழக்கச் சம்மதிக்க வேண்டும். அல்லது தாமதத்தைப் பார்த்துத் தானே எண்ணை மாற்றும் ‘கேக்-ஆட்டோரேட்’ ஸ்கிரிப்டைப் போடலாம், ஆனால் அது கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும்.

இத்தனையும் செய்த பிறகும், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் பிங் 150, 200 என்று நின்றால் குறை உங்கள் வீட்டில் இல்லை. கேபிள்காரர் வாங்கியிருக்கும் மொத்த லைன் போதவில்லை. அதை எந்த ரவுட்டரும் தீர்க்காது. பகல் எண்ணையும் இரவு எண்ணையும் போட்டோ எடுத்து அவரிடம் காட்டிக் கேளுங்கள். கேபிள்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புது இணைப்புக் கொடுக்கும்போது ஸ்பீடு டெஸ்ட்டோடு சுமையிருக்கும்போது பிங் எவ்வளவு என்பதையும் அளந்து காட்டுங்கள். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.