சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர்?

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் இனிப்புக் கொடுக்கிறோம். உதவித்தொகை வழங்கும் அமைப்புகளும் "இந்த ஆண்டு இத்தனை மாணவர்களுக்கு உதவினோம்" என்று அறிக்கை வெளியிடுகின்றன. ஆனால் அந்த மாணவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்ற கணக்கு நம்மில் பலரிடம் இருப்பதில்லை. படிப்பைப் பாதியில் விட்டவர் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அடுத்த செமஸ்டரில் அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து, அதில் தன் குறைகளையும் கண்டு, அவற்றைத் திருத்திக்கொண்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே பார்ப்போம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் அது. 1913-ஆம் ஆண்டு, பகலில் வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேர வணிகவியல் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. இன்று 50,000-க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களும் ஏராளம்.

இரண்டு விகிதங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எடைபோட இரண்டு அளவுகள் பயன்படுகின்றன. முதலாவது தொடர்கல்வி விகிதம். இந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதை இது காட்டும். இரண்டாவது பட்டம் பெறும் விகிதம். சேர்ந்த 100 பேரில் எத்தனை பேர் குறித்த காலத்துக்குள் அங்கேயே பட்டம் பெற்றார்கள் என்பதே இது.

அங்கே இளநிலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. ஆனாலும் கணக்கை ஆறாண்டுக்கு எடுக்கிறார்கள். படிப்புக்கான காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு அவகாசம் தருவது வழக்கம். இந்த விகிதத்தை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 1990-இல் அங்கே சட்டமே வந்தது. இந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. முதன்முறையாக, முழுநேர மாணவராகச் சேர்ந்தவர்களை வைத்தே இது போடப்படுகிறது. இடையில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி அங்கே பட்டம் பெற்றவர், முதலில் சேர்ந்த இடத்தின் கணக்கில் முடிக்காதவராகவே நிற்பார். ஆகவே விகிதத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் பல ஆண்டுகளாக எண் தாழ்ந்தே இருந்தால், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

நூற்றுக்கு முப்பத்திரண்டு

2003-இல் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆறாண்டுப் பட்ட விகிதம் 32 சதவீதம். சேர்ந்த மூவரில் இருவர் அங்கே பட்டம் பெறவில்லை. கறுப்பின மாணவர்களிடையே இந்த விகிதம் இன்னும் குறைவு. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடையே அதைவிடவும் குறைவு.

படிக்காமல் போனவருக்கும் பாதியில் விட்டவருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் பலர் கல்விக்கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடனைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். மூன்றாண்டு படித்துவிட்டு வெளியேறியவரிடம் கடன் இருக்கும், அதை அடைக்கும் அளவுக்குச் சம்பளம் தரும் பட்டம் இருக்காது. கல்லூரிப் பக்கமே போகாத தோழரைவிட அவர் நிலை சில வேளைகளில் மோசமாகிவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை, குடும்பச் சூழல் சரியில்லை, நாம் என்ன செய்ய முடியும் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். மாணவர் வெளியேறுவதற்கு நம்முடைய நடைமுறைகளில் எவையெல்லாம் காரணம் என்று தேடினார்கள்.

கட்டணப் பாக்கிப் பட்டியல்

தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்று கட்டணப் பாக்கிப் பட்டியல். செமஸ்டர் தொடக்கத்தில் கெடு தேதிக்குள் முழுக் கட்டணமும் செலுத்தாதவர்களின் வகுப்புப் பதிவு ரத்தாகிவிடும். ஒவ்வொரு செமஸ்டரிலும் இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தபோது, நல்ல மதிப்பெண்ணோடு இறுதியாண்டுக்கு வந்துவிட்ட மாணவர்கள் சில நூறு டாலர் குறைந்ததற்காக வெளியே நிற்பது தெரிந்தது.

இறுதியாண்டில் பணம் குறைவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே அரசு உதவித்தொகைகளுக்கு வரம்பு இருக்கிறது. குறைந்த வருமானத்தினருக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவி 12 செமஸ்டர்களுக்குச் சமமான அளவோடு முடிந்துவிடும். ஜார்ஜியா மாநில அரசின் ஹோப் உதவித்தொகைக்கும் இத்தனை பாடநேரம் வரைதான் என்ற கணக்கு உண்டு. துறையை மாற்றிக்கொண்டவர், சில பாடங்களை மீண்டும் படிக்க நேர்ந்தவர், வேலை பார்த்துக்கொண்டே மெதுவாகப் படித்தவர் ஆகியோருக்குக் கரை தெரியும் நேரத்தில் உதவி நின்றுவிடுகிறது.

2011-இல் பல்கலைக்கழகம் இதற்கென ஒரு சிறு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பொதுவாக ஒருவருக்கு 2,500 டாலருக்குள்தான் கொடுக்கப்படும். சராசரியாகப் பார்த்தால் ஆயிரம் டாலருக்கும் குறைவு. இதற்கு மாணவர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. கெடு நெருங்கும்போது அலுவலர்களே பாக்கிப் பட்டியலை எடுத்து, படிப்பில் சரியாக வந்துகொண்டிருப்பவர் யார், வேறு உதவிகளெல்லாம் தீர்ந்தவர் யார் என்று பார்த்து, பணத்தை அவருடைய கட்டணக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மாணவர் தன் வரவு செலவு குறித்து ஆலோசகரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பதே நிபந்தனை.

கேட்கக் கூச்சப்பட்டுப் படிப்பையே விட்டுவிடும் பிள்ளை இந்த முறையில் தப்பிவிடுகிறது. உதவி பெற்ற இறுதியாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டு செமஸ்டர்களுக்குள் பட்டம் பெற்றார்கள். பல்கலைக்கழகத்துக்கும் நட்டமில்லை. சில நூறு டாலர் கொடுத்து ஒரு மாணவரை உள்ளே வைத்துக்கொண்டால், அவர் செலுத்தும் பல ஆயிரம் டாலர் கட்டணம் நின்றுபோகாமல் வருகிறது.

தேர்ச்சி பெற்றவருக்கும் எச்சரிக்கை

இரண்டாவதாக மதிப்பெண் பதிவுகளைப் பார்த்தார்கள். பத்தாண்டு காலத்தில் படித்த மாணவர்களின் சுமார் 25 லட்சம் கிரேடுகள் கம்ப்யூட்டர் மூலம் ஆராயப்பட்டன. தோல்வியடைந்தவர்கள் மட்டும்தான் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற எண்ணம் தவறு என்று தெரிந்தது. தன் முதன்மைத் துறையின் முதல் பாடத்தில் 'சி' கிரேடு வாங்கியவர் தேர்ச்சி பெற்றவர்தான். அதனால் யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை. ஆனால் அடித்தளம் வலுவில்லாமல் மேலே போகும் அவர், மூன்றாம் ஆண்டின் கடினமான பாடங்களில் தடுமாறி நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

2012 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் சுமார் 800 வகையான எச்சரிக்கை அறிகுறிகள் கண்காணிக்கப்படுகின்றன. தேவையில்லாத பாடத்துக்குப் பதிவு செய்வது, ஒரு பாடத்தில் கிரேடு சரிவது போன்றவை தெரிந்தவுடன் ஆலோசகருக்குத் தகவல் போகிறது. அவர் மாணவரை அழைத்துப் பேசித் தனிப்பயிற்சிக்கு வழி செய்கிறார்.

கம்ப்யூட்டர் வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழைத்துப் பேசுவதற்கு ஆள் வேண்டும். அதற்காக 42 ஆலோசகர்கள் கூடுதலாக நியமிக்கப்பட்டார்கள். சுமார் 300 மாணவர்களுக்கு ஒருவர் என்ற அளவு வந்தது.

சேர்க்கைக்கும் வகுப்புக்கும் நடுவே

மூன்றாவது ஓட்டை, வகுப்பு தொடங்கும் முன்பே இருந்தது. இடம் கிடைத்து, வருகிறேன் என்று உறுதியும் சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நாள் வகுப்புக்கு வரவில்லை. அவர்களில் பலர் வேறெங்கும் சேரவுமில்லை. உதவித்தொகைப் படிவம், வருமானச் சான்று, தடுப்பூசிச் சான்று, வகுப்புப் பதிவு என்று கோடை விடுமுறையில் செய்ய வேண்டிய வேலைகள் பல. வீட்டில் கல்லூரி போனவர் இருந்தால் சொல்லிக்கொடுப்பார். இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கோ ஓர் இடத்தில் சிக்கிக்கொள்கிறது.

2016-இல், கைப்பேசிக் குறுஞ்செய்தியில் கேள்வி கேட்டால் உடனே பதில் தரும் சாட்பாட் ஒன்றைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தது. இரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். இயந்திரத்துக்குப் பதில் தெரியாவிட்டால் கேள்வி அலுவலரிடம் போகும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவினருக்கு மட்டும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தவர்களிடையே இப்படி விட்டுப்போவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

பலனும் ஐயங்களும்

32 சதவீதமாக இருந்த பட்ட விகிதம் பத்தாண்டுகளைச் சற்றுத் தாண்டியதும் 54 சதவீதத்தை எட்டியது. வசதி குறைந்தவர்கள், கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் விகிதம் மற்றவர்களுக்கு இணையாக வந்துவிட்டது. அதே காலத்தில் வசதி குறைந்த மாணவர்களின் பங்கு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து எண்ணை உயர்த்தினார்கள் என்று சொல்ல முடியாது.

ஐயங்களும் எழுந்தன. கம்ப்யூட்டர் 'ஆபத்து' என்று குறித்த மாணவரை, அவர் விரும்பிய கடினமான துறையிலிருந்து எளிய துறைக்குத் தள்ளிவிட்டால் விகிதம் உயரும், மாணவரின் கனவு போய்விடும் என்று விமர்சகர்கள் எச்சரிக்கிறார்கள். இது கவனிக்க வேண்டிய கேள்வி. எச்சரிக்கையைக் கேட்டு மாணவரை வெளியேறச் சொல்கிறார்களா, கைதூக்கிவிடுகிறார்களா என்பதே முக்கியம். மேலும், 54 என்றால் மீதி 46 பேர் அங்கே ஆறாண்டில் முடிக்கவில்லை என்பதும் உண்மை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அவர்கள் நாட்டுக் கட்டணமும் கடன்முறையும் வேறு. ஆனால் உதவி செய்பவர்கள் எங்கிருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இதில் இருக்கின்றன. நாம் கொடுக்கும் தொகை முழுவதும் சேர்க்கை மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறதா? கடைசி செமஸ்டரில் தேர்வுக் கட்டணத்துக்குத் தவிக்கும் பிள்ளைக்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோமா? முதலாண்டில் உதவி பெற்றவரை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறையேனும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தோமா? அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லப் பயந்து நிற்கும் மாணவர், நம்மிடமாவது வந்து சொல்லும்படி நடந்துகொள்கிறோமா?

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் உதவி பெற்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் "முடித்தார்", "படிக்கிறார்", "நின்றுவிட்டார்" என்று குறித்துப் பார்க்கலாம். "நின்றுவிட்டார்" என்று எழுத நேரும் பெயர்களுக்கு உரியவர்களை முதலில் போய்ப் பார்க்க வேண்டும். சிலருக்கு இன்னும் காலம் கடந்திருக்காது.