லயத்து நாய்க்கு ஏற்ற கூடு

ஹோட்டன் சமவெளியை அண்டிய டயகம போன்ற தோட்டங்களில், காடும் தேயிலை மலையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் வரை நெருங்கி நிற்பதால், நாய்க்கூடு வளர்ப்பவரின் வசதிக்குரிய பொருளாக மட்டும் இராமல், மலையகத்துச் சிறுத்தைகளுக்கு இரையாகக்கூடிய நாயின் உயிரைக் காக்கும் அரணாகவும் ஆகிறது. இரவில் வெளியே சங்கிலியில் கட்டப்பட்ட நாயால் ஓடித் தப்பவும் இயலாது என்பதால், அவ்வாறு கட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டியதே.

கூட்டின் அளவை நாயின் உடலே தீர்மானிக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரையுள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டுவது, விமானத்தில் அனுப்பப்படும் விலங்குகளுக்காகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த கணக்காகும். அதன்படி 60 சென்டிமீற்றர் நீளமும் 26 சென்டிமீற்றர் முழங்கை உயரமும் உள்ள நாய்க்கு 73 சென்டிமீற்றர் உள்நீளம் வேண்டும். நாய் தலை தட்டாமல் நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் இடமிருப்பது அவசியம். ஆயினும் குளிர்ப்பிரதேசத்தில் மிகப் பெரிய கூடு உடற்சூட்டைத் தக்கவைக்காது.

கடைகளில் விற்கும் கம்பிக்கூடு காற்றோட்டம் மிக்கதெனினும், மழைக்காலக் காற்றைத் தடுக்காது. தகரமோ விரைவில் குளிர்ந்து உட்புறம் நீர் கோக்கும். ஆகவே மூன்று பக்கம் பலகையடித்து, முன்புறம் உறுதியான கம்பிக்கதவிட்டு, செங்கல் மேல் உயர்த்தி, உலர்ந்த சாக்கு விரித்த மரக்கூடே இங்கு பொருந்தும். அதனையும் முற்றத்தில் விடாது, அடைத்த இஸ்தோப்பிலோ வீட்டினுள்ளோ வைப்பதே பாதுகாப்பானது.