கறி காட்டிக்கொடுத்த உண்மை

மிளகும் ஏலமும் விளையும் இடுக்கி மலைப்பகுதியில் வாழ்வோர்க்குக் கறியின் மணம் புதிதன்று. சங்க இலக்கியத்தில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறித்தது. சோற்றுடன் உண்ணும் துணை உணவையும் இச்சொல் குறிக்கும். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். கறி சமைக்கும் வழக்கத்தையும் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அந்தக் கறியே ஒரு புகழ்பெற்ற துப்பறியும் கதையில் முதன்மையான துப்பாக அமைந்தது.

அக்கதையின் பெயர் 'சில்வர் பிளேஸ்'. ஆர்தர் கானன் டாயில் எழுதிய இக்கதை 1892ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. பந்தயத்தில் வெல்லும் எனப் பலரும் எதிர்பார்த்த குதிரை ஓரிரவு அங்கிருந்து காணாமற்போகிறது. அதன் பயிற்றுநர் ஸ்ட்ரேக்கர் வெட்டவெளியில் தலையில் அடிபட்டு இறந்துகிடக்கிறார். லாயத்தைக் காவல்காத்த இளைஞனோ அபினி கலந்த இரவுணவை உண்டு மயங்கிக் கிடக்கிறான்.

அன்றிரவு சிம்சன் என்னும் புதியவன் லாயத்தருகே வந்து, பணம் கொடுத்துச் செய்தி அறிய முயன்றிருந்தான். அவனுடைய கழுத்துத்துணி இறந்தவரின் கையில் இருந்தது. ஆகவே, காவலர் அவனைக் கைது செய்தனர்.

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் அந்த இரவுணவைப் பற்றிச் சிந்தித்தார். அபினித்தூளுக்குத் தனிச்சுவை உண்டு. எளிய உணவில் அதனைக் கலந்தால் உண்பவன் உடனே கண்டுகொள்வான். அன்று சமைத்ததோ ஆட்டிறைச்சிக் கறி. அதன் காரமும் மணமும் அபினியின் சுவையை மறைத்துவிட்டன. வெளியாளான சிம்சன், அவ்வீட்டில் அன்று கறி சமைக்கும்படி செய்திருக்க இயலாது. கறி சமைத்த நாளிலேயே அவன் தற்செயலாக அபினியுடன் வந்தான் என்பதும் நம்பத்தக்கதன்று. எனவே, அன்றைய சமையலைத் தீர்மானிக்கக்கூடிய ஸ்ட்ரேக்கர் மீதும் அவர் மனைவி மீதும் ஹோம்ஸின் ஐயம் திரும்பியது. அதே கறியை உண்ட மற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே, இளைஞனுக்காக எடுத்துவைத்த பங்கில் மட்டுமே அபினி கலக்கப்பட்டது என்பதும் தெளிவாயிற்று.

மற்றொரு துப்பும் இதனை உறுதிசெய்தது. குதிரையை வெளியே கொண்டுசென்றபோது லாயத்து நாய் குரைக்கவில்லை. வந்தவர் நாய்க்கு நன்கு பழகியவர் என்பது இதனால் விளங்கிற்று. பணத்தாசையால் குதிரையின் காலை ஊனப்படுத்த முயன்ற ஸ்ட்ரேக்கர், அக்குதிரை உதைத்தே இறந்தார். சிம்சன் தவறவிட்ட துணியை அவர் வழியில் எடுத்திருந்தார். சிம்சன் மீது விழுந்த கொலைப்பழி நீங்கியது.

துப்பறியும் கதைகளில் உணவு பசியாற்றுவதற்காக மட்டும் இடம்பெறுவதில்லை. கானன் டாயிலின் மற்றொரு கதையில், களவுபோன ஒப்பந்தத்தாள் காலையுணவுத் தட்டின் மூடிக்குள் இருந்து வெளிப்படுகிறது. அந்த மேசையிலும் கோழிக்கறி உண்டு! அகதா கிறிஸ்டி, முதல் உலகப்போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றியவர். 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் காப்பியும் கோகோவும் ஆராய்ச்சிக்கு உள்ளாகின்றன.

யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் உண்டார் என்னும் எளிய வினாக்களுக்குள் உண்மை ஒளிந்திருக்கலாம். கண்முன் தோன்றிய சான்றுகள் எல்லாம் சிம்சனுக்கு எதிராகவே இருந்தன. அவற்றோடு நின்றிருந்தால் குற்றமற்ற ஒருவன் தண்டனை பெற்றிருப்பான். அடுக்களை வரை சென்று ஆராய்ந்ததனால் அவன் காப்பாற்றப்பட்டான். ஒருவர்மீது பழி சுமத்துமுன் தீர விசாரிக்க வேண்டும் என்பதே இக்கதை உணர்த்தும் கருத்தாகும்.

அருஞ்சொற்பொருள்
துப்பு – தடயம்
லாயம் – குதிரை கட்டும் இடம்
அபினி – மயக்கம் தரும் பொருள்
அடுக்களை – சமையலறை

சிந்தித்து எழுதுக
1. 'கறி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் எதனைக் குறித்தது?
2. சிம்சன் அபினி கலந்திருக்க இயலாது என ஹோம்ஸ் முடிவுசெய்தது எவ்வாறு?
3. உங்கள் வீட்டில் சமைக்கும் உணவு ஒன்றைத் துப்பாகக் கொண்டு சிறுகதை ஒன்று எழுதுக.