தட்டும் ஓசையும் தட்டும் இடமும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் பழைய லாண்ட் றோவர் வண்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாதையின் மேல் முனையில் தொழிலாளர் குடியிருப்பு. கீழ் முனையில் ஆஸ்பத்திரியும் பாடசாலையும் கடைத்தெருவும். மழைக்காலத்தில் வேறெந்த வாகனமும் அங்கு ஏறுவதில்லை. அரிசி மூட்டை மேலே போவதும், பிரசவ வேதனையுற்ற பெண் கீழே வருவதும் அந்த ஒரே வண்டியிலேதான்.

அதன் அடிப்பாகத்திலிருந்து ஒருநாள் 'டொக்' என்று ஓர் ஓசை எழுகின்றது. சாரதி கிளச்சை விட்டு வண்டியை நகர்த்தும் கணத்தில் ஒரேயொரு முறை, அதன்பின் அமைதி. இரண்டொரு வாரங்களில், வேகத்தைத் தளர்த்தி மீண்டும் கூட்டும்போதும் அது கேட்கத் தொடங்குகின்றது. முன்னாசனத்தில் இருப்பவர் கியர்ப் பெட்டி என்கிறார். பின்னால் இருப்பவர் தம் காலடியில்தான் தட்டுகிறது என்று சாதிக்கிறார். ஒருவர் சொற்படி வில்களின் புஷ்கள் மாற்றப்படுகின்றன. இன்னொருவர் சொற்படி இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்களும் மாற்றப்படுகின்றன. பணம் போயிற்று, ஓசை போகவில்லை.

இவர்கள் அனைவரும் செய்த பிழை ஒன்றே. ஓசை எங்கே கேட்கிறது என்று பார்த்தார்களேயன்றி, எப்பொழுது கேட்கிறது என்று பார்க்கவில்லை. இரும்பு ஒலியைக் கடத்துவதில் காற்றைவிட வல்லது. காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும் ஒலி, உருக்கில் 5,000 மீற்றர் வரை செல்லும். வண்டியின் அடிச்சட்டமோ நீண்ட உருக்குப் பெட்டிகளால் ஆனது; அதன்மேல் இருப்பது அலுமினியக் கலப்புத் தகடு. சட்டத்தின் ஒரு மூலையில் விழுந்த அடி மறு மூலைத் தகட்டில் பறை போல் முழங்கும். ஆகவே இடத்தைப் பொறுத்தவரையில் காது எளிதில் ஏமாறும். நேரத்தைப் பொறுத்தவரையில் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

இவ்வண்டியின் அமைப்பைச் சிறிது அறிந்தால் இது விளங்கும். இங்கிலாந்தின் றோவர் கம்பனியைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், போர்க்காலத்து ஜீப் ஒன்றைத் தமது பண்ணையில் ஓட்டிய அனுபவத்திலிருந்து இதனை உருவாக்கினார். 1948ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் ஆம்ஸ்ரடாம் நகரின் மோட்டார்க் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. இலைவில் பூட்டிய அந்தப் பழைய வரிசை 1985 வரை நீடித்தது. இயந்திரத்தின் பின்னால் கியர்ப் பெட்டி, அதனோடு ஒட்டியே இன்னொரு சிறு பெட்டி. அங்கிருந்து முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட சுழல் தண்டுகள் செல்கின்றன. சாதாரணக் காரைவிட மூட்டுகளும் அதிகம், தேயும் இடங்களும் அதிகம்.

ஓசையை ஆராய்பவர் முதலிற் செய்யவேண்டிய வேலைக்குச் சாவி எதுவும் வேண்டாம். வண்டியில் உள்ள ஜாக்கி, கருவிப் பெட்டி, மேலதிகச் சில்லு, பாதி நிரம்பிய எண்ணெய்த் தகரம் யாவற்றையும் இறக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஆசனத்தின் கீழ்க் கிடந்த ஜாக்கி கராஜ்காரருக்குப் பல நாள் கூலி ஈட்டித் தந்த கதைகள் உண்டு. அடுத்து, சில்லுகளின் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். இதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும். பாராமல் விட்டால் சில்லே கழன்று போகக்கூடும்.

பின்பு வண்டியை நிறுத்தி வைத்து இயந்திரத்தை மட்டும் ஓடவிட வேண்டும். அப்பொழுதும் ஓசை கேட்குமானால் குற்றம் இயந்திரத்திலோ அதனை அடுத்துள்ள உறுப்புகளிலோ உள்ளது. அங்கும் பல வேறுபாடுகள் உண்டு. மெல்லிய 'டிக் டிக்' பெரும்பாலும் வால்வுகளின் இடைவெளியைக் குறிக்கும், அவசரம் இல்லை. ஆழ்ந்த, கனத்த தட்டல் வேகத்தோடு கூடி வருவதும், எண்ணெய் அழுத்தம் குறைந்திருப்பதும் சேர்ந்தால், அடித்தண்டின் பெயரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று ஐயுறவேண்டும். அந்த நிலையில் இன்னும் ஒரு மைல் ஓட்டுவதுகூட இயந்திரத்தையே பலிகொடுப்பதாகலாம். டீசல் இயந்திரமாயின், குளிர்ந்த காலை வேளையில் சற்றுத் தட்டுவது அதன் இயல்பு. அதனை நோயென்று கொள்ளலாகாது.

நம் எடுத்துக்காட்டு வண்டி நிற்கும்போது தட்டவில்லை. ஆகவே இயந்திரம் குற்றமற்றது. இனி ஓட்டிப் பார்க்கவேண்டும். இங்கே எண்ணத் தெரிந்தவருக்கு அரைவாசி வேலை முடிந்தது. இவ்வண்டியின் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டேகால் மீற்றர் தூரம் செல்லும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 74 தடவை சுழலும்; மனிதனுடைய நாடித் துடிப்பும் ஏறக்குறைய அதுவே. சில்லு ஒருமுறை சுழல, சுழல் தண்டு 4.7 தடவை சுழல்கின்றது. அதாவது அதே வேகத்தில் விநாடிக்கு ஆறு முறை. எனவே, மெதுவாகச் செல்கையில் எண்ணக்கூடிய தட்டல் சில்லையோ அதன் பெயரிங்கையோ பிறேக்கையோ சார்ந்தது. எண்ணமுடியாத விரைவில் படபடப்பது தண்டைச் சார்ந்தது. வேகத்தோடு தொடர்பின்றிக் குழியில் விழும்போது மாத்திரம் தட்டுவது வில்லின் புஷ்கள், அதிர்வு தாங்கிகள், சட்டத்தில் உரசும் புகைக்குழாய் ஆகியவற்றைச் சார்ந்தது. நின்ற வண்டியின் ஸ்ரியறிங்கை இப்பக்கமும் அப்பக்கமும் சிறிதளவு அசைக்கும்போதே கேட்பது முன்னச்சின் மூட்டுகளைச் சார்ந்தது.

நாற்சில்லு இயக்க வண்டிக்கே உரிய இன்னொரு ஓசையும் உண்டு. மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சில்லுகளும் இயக்கம் பெறும். திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வளைவில் செல்ல வேண்டியவை. இவ்வேற்றுமைக்கு இடங்கொடுக்கும் பல்லமைப்பு இப்பழைய வண்டிகளின் நடுவில் இல்லை. சேற்றில் சில்லு சற்றே வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் வீதியிலோ வழுக்க இடமில்லை; தண்டுகளில் முறுக்கு ஏறி, பின் திடீரென்று விடுபடும்போது 'கடக்' என்று பேரோசை எழும். இதற்கு மருந்து, தார் வீதிக்கு வந்ததும் முன் இயக்கத்தை விடுவித்துவிடுவதே. எதையும் கழற்ற வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு வண்டியின் ஓசையோ இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. அது நகரத் தொடங்கும்போதும், விசை தளர்ந்து மீண்டும் ஏறும்போதும் மட்டுமே ஒலித்தது. விசை திசைமாறும் கணத்தில் ஒலிப்பது, அவ்விசை செல்லும் வழியில் எங்கோ ஓர் இடைவெளி உண்டென்பதற்கு அடையாளம். அவ்வழியில் முதலிற் பார்க்கத் தகுந்தவை சுழல் தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள். இவற்றைக் கராஜ்களில் யூனிவேர்சல் ஜொயின்ற் என்பர். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் பெயரும் இதற்கு உண்டு. அச்சு மேலும் கீழும் அசைந்தாலும் சுழற்சி தடைப்படாமற் செல்வதற்கு இதுவே வழி. நடுவில் சிலுவை வடிவான இரும்பு. அதன் நான்கு முனைகளிலும் நான்கு சிறு கிண்ணங்கள். கிண்ணங்களுள் ஊசி போன்ற நுண்ணிய உருளைகள். கிறீஸ் வற்றியதும் நீர் புகுந்து, இவ்வூசிகள் துருவேறிப் பொடியாகின்றன.

சோதிக்கும் முறை எளிது. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. இவ்வண்டிகளின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. பின் சுழல் தண்டு தொடங்கும் இடத்திலுள்ள உருளையையே பிடிக்கின்றது. தண்டைச் சோதிப்பதற்கு அதனைத் தளர்த்தியே ஆகவேண்டும். ஆதலால் சமதரையில், சில்லுகளின் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை இறுக வைத்தபின்னரே அடியிற் புகவேண்டும். பின்பு கியரை விடுவித்து, மூட்டின் இருபுறத்தையும் இரு கைகளாற் பற்றி எதிரெதிராக முறுக்க வேண்டும். இரு பாகமும் ஒன்றாகச் சிறிது திரும்பினால் அது அச்சிலுள்ள பற்சக்கரங்களின் இடைவெளி. ஒன்று திரும்ப மற்றது நின்றால் மூட்டு தேய்ந்துவிட்டது. கையைவிடக் கண் முந்திக்கொள்வதும் உண்டு: கிண்ணங்களைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருக்கும். எடுத்துக்காட்டு வண்டியில் அப்பொடி பின் தண்டின் பின்மூட்டில் இருந்தது. பின்னாசனத்தில் இருந்தவர் இடத்தை ஏறத்தாழச் சரியாகவே சொல்லியிருந்தார். எப்பொழுது என்று அவரை எவரும் கேட்கவில்லை.

இந்தச் சிறு மூட்டின் பின்னே எவ்வளவு பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது என்பதைக் கைப்பிறேக்கின் அமைப்பிலிருந்தே உணரலாம். ஏற்றத்தின் நடுவில் மூட்டு உடைந்தால் பின்சில்லுகளுக்கு இயக்கம் அற்றுப்போகும். கைப்பிறேக் பிடிக்கும் உருளைக்கும் சில்லுகளுக்கும் இடையிலான தொடர்பும் அதே கணத்தில் அறும். முன் இயக்கம் பூட்டப்படாத வேளையாயின், நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வண்டி பின்னோக்கி உருளும். காற்பிறேக் ஒன்றே துணை. உடைந்த தண்டு சுழன்று அருகிலுள்ள பிறேக் குழாயை வெட்டிவிட்டால் அதுவும் ஐயத்துக்குரியதே.

புதிய மூட்டைப் பூட்டுவது ஓரளவு கைத்திறனுள்ளவருக்கு அரைநாள் வேலை. தண்டைக் கழற்றுமுன் இணையும் பாகங்களில் சுண்ணக்கட்டியாலோ உளியாலோ அடையாளம் இடவேண்டும். தண்டின் நடுவே வழுக்கி நீளும் பல்லிணைப்பு ஒன்று உண்டு. அது பிரிந்து, ஒரு பல் மாறிப் பூட்டப்பட்டால், இரு முனை மூட்டுகளும் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யாமற் போய், முன்பில்லாத நடுக்கம் தோன்றும். அடையாளம் இடாத திருத்துநர் ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றைத் தந்துவிடுகிறார்.

மூட்டை மாற்றியபின் அவ்வண்டி மீண்டும் ஏற்றம் ஏறுகின்றது. பின்னோக்கிச் செலுத்தும்போது மட்டும் மெல்லிய 'டொக்' ஒன்று இன்னும் கேட்கும். அது அச்சுப் பற்சக்கரங்களின் பழைய தேய்வு. கூடாதவரையில் அதனைக் கழற்றவேண்டிய அவசியம் இல்லை. சாரதி மாதத்துக்கு ஒருமுறை மூட்டுகளுக்குக் கிறீஸ் ஏற்றுகிறார். வண்டியின் ஆசனத்தடியில் இப்பொழுது இரண்டு மரக்கட்டைகள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன.