சதுக்கம் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

ஊரின் பெயரும் தெருவின் பெயரும் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் சொற்கள். பாலாற்றங்கரையில் அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்தில் எழுந்தருளியிருப்பதால் ஓர் ஊர் பள்ளிகொண்டா எனப் பெயர் பெற்றது. அவ்வாறே, கடல்கடந்த பாரிஸ் நகரின் சிறு சதுக்கம் ஒன்றின் பெயர், இந்தியத் தலைநகரம் ஒன்றின் கதையையும் தன்னுள் கொண்டுள்ளது.

சிறிய இடம், பெரிய பெயர்

பாரிஸில் சேன் ஆற்றின் இடக்கரையில், சேவ்ர் தெருவில் அமைந்துள்ளது லெ கார்புசியர் சதுக்கம். அந்நகரின் புகழ்பெற்ற சதுக்கங்களை நோக்க, இது தெருக்கள் கூடும் சிறு சந்திப்பே ஆகும். அதே தெருவின் 35ஆம் எண் கட்டடம் முன்னாளில் ஒரு துறவியர் மடமாக இருந்தது. அதன் நீண்ட, குறுகிய தாழ்வாரத்தில் 1924 முதல் 1965இல் மறையும்வரை பணியாற்றியவர் கட்டடக்கலைஞர் லெ கார்புசியர். சுவிட்சர்லாந்தில் 1887இல் பிறந்த அவரின் இயற்பெயர் சார்லஸ் எடுவார்ட் ஜென்னரே.

நகரம் ஏற்க மறுத்த திட்டம்

நெருக்கமான பழைய தெருக்கள் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கின்றன என்பது அவர் கருத்து. 1925இல் பாரிஸில் நடைபெற்ற கண்காட்சியில் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். நகரின் மையத்தில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, அகன்ற பூங்காவெளியில் 18 வானளாவிய கோபுரக் கட்டடங்களை எழுப்புவதே அத்திட்டம். பாரிஸ் அதனை ஏற்கவில்லை. பழைய தெருக்கள் பிழைத்தன. அத்தகைய தெருக்கள் கூடும் ஓரிடத்திற்கே பின்னாளில் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

சண்டிகர் தந்த வாய்ப்பு

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் முதல் திட்டத்தை வகுத்தார். அவருடன் பணியாற்றிய மேத்யூ நோவிக்கி 1950இல் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் பி. என். தாப்பர், பி. எல். வர்மா ஆகிய இந்திய அலுவலர்கள் ஐரோப்பா சென்று லெ கார்புசியரைத் தேர்ந்தெடுத்தனர்.

1951இல் இந்தியா வந்த அவர், மேயரின் திட்டத்தைத் திருத்தி அமைத்தார். 800 மீட்டர் அகலமும் 1200 மீட்டர் நீளமும் கொண்ட பகுதிகளாக நகரம் பிரிக்கப்பட்டது. பள்ளி, கடைத்தெரு, பசுமைவெளி ஆகியவை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இடம்பெற்றன. தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம் ஆகியவற்றின் வடிவமைப்பு சேவ்ர் தெருத் தாழ்வாரத்தில் உருப்பெற்றது. இக்கட்டட வளாகத்தை 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பலகையில் இடம்பெறாதவர்கள்

லெ கார்புசியர் சண்டிகருக்கு அவ்வப்போது வந்து சென்றார். அங்கேயே தங்கி நாள்தோறும் பணிகளை நடத்தியவர்கள் வேறு சிலர். மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ இணையர் மூன்றாண்டுகள் பணிபுரிந்தனர். லெ கார்புசியரின் உறவினரான பியர் ஜென்னரே 1965 வரை அங்கு வாழ்ந்து, வீடுகளையும் பள்ளிகளையும் வடிவமைத்தார். அவருடைய அஸ்தி அவர் விரும்பியவாறு அந்நகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஊர்மிளா யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக்கலைஞர்களும் இப்பணியில் பங்கேற்றனர். நகரம் எழ நிலத்தை இழந்த சிற்றூர் மக்களும், கற்காரையைத் தலையில் சுமந்த ஆண்களும் பெண்களும் எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை.

பெயரைப் படிக்கும் முறை

படைத்தவனின் பெயரைப் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் மன்னன் இராசராசனின் பெயரோடு, குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் இடம்பெற்றுள்ளது. எனினும் கல் சுமந்தோர் அனைவரின் பெயரையும் எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. ஆகவே, தெருவிலோ சதுக்கத்திலோ ஒரு பெயரைக் காணும்போது, அவர் யார் என்று கேட்பதோடு, அவருடன் உழைத்தோர் யாவர் என்றும் கேட்டறிதல் வேண்டும். அப்போதே அவ்விடத்தின் வரலாறு முழுமை பெறும்.