தைராய்டுக்கு யாரைப் பார்ப்பது?

எண்பதுகளில் ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கு உடம்பு ஊதி, முடி கொட்டி, சித்திரை மாதத்திலும் குளிரெடுத்தால் முதலில் கிடைப்பது இரும்புச் சத்து டானிக். மாதவிலக்கு தவறினால் அதற்கு ஒரு லேடி டாக்டர், மலச்சிக்கலுக்கு வேறொருவர். சோர்ந்து படுத்தால் வீட்டில் சோம்பேறிப் பட்டம். அத்தனையும் ஒரே சுரப்பியின் கோளாறு என்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை. கழுத்தில் கழலை துருத்திக்கொண்டு தெரிந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரி. அங்கே பார்ப்பவர் சர்ஜன்.

தைராய்டை மந்தமாக்கும் ஹஷிமோட்டோ நோயே அறுவை மேசை வழியாக வெளிச்சத்துக்கு வந்ததுதான். ஜப்பானின் கியூஷூவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் சர்ஜன், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே வெள்ளணுக்கள் மண்டிக் கிடப்பதை 1912-ல் எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்பது 1956-ல்தான் புலப்பட்டது. அதற்கு 22 வருடம் முன்பே, சொந்த ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் டைபாய்டில் இறந்துபோயிருந்தார்.

இன்று தெருமுனை லேபில் காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. மாத்திரையும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது என்பதில்தான் இப்போது அலைச்சல். 'சர்க்கரை, தைராய்டு' என்று போர்டு மாட்டிய எல்லோரும் ஹார்மோன் சுரப்பிகளுக்கான உயர்படிப்பான டி.எம். எண்டோகிரைனாலஜி முடித்தவர்கள் இல்லை. என்ன படித்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பெரிய படிப்பு தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஹஷிமோட்டோ நோயால் சுரப்பி மந்தமானவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளூரில் ஒரு நல்ல பொது மருத்துவர் போதும். நல்லவர் என்பது பரிசோதிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நோயாளிக்குப் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் கழுத்தில் வைத்து, "ஒரு வாய் தண்ணி முழுங்கும்மா" என்பார். விழுங்கும்போது மேலேறி இறங்கும் சுரப்பியின் அளவும் முடிச்சும் விரலுக்குத் தட்டுப்படும். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்கிறாயா, இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடுகிறாயா என்று விசாரிப்பார். இதை விசாரிக்காமல் டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்களிடம்தான் பல பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தால் போதும், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவை மாதாமாதம் பார்ப்பது காசுக்குக் கேடு.

சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோய் வேறு கதை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம், சிலருக்குக் கண் பிதுங்கும். மாத்திரையா, கதிரியக்க அயோடினா, ஆபரேஷனா என்று முடிவெடுக்க நிபுணர்தான் வேண்டும். கண்ணைத் தொட்டுவிட்டால் கண் மருத்துவரும் கூட வேண்டும்.

கர்ப்பமும் அப்படித்தான். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். சுரப்பி மந்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். ஆகவே நாள் தள்ளியது உறுதியான அந்த வாரமே டாக்டரிடம் சொல்லி டி.எஸ்.எச். பார்த்துவிட வேண்டும். அளவு கட்டுக்குள் வராவிட்டால் பஸ் ஏறி மதுரைக்கோ வேலூருக்கோ போயாவது நிபுணரிடம் காட்ட வேண்டும்; ஐந்தாம் மாத ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.